காரை அளந்த வாழைநார்

வடசேரிச் சந்தையில் தலைச்சுமையாகக் காய்கறி மூட்டை இறக்கியவன் நான். அங்கிருந்து தோவாளைக்குப் போய், யாருடைய சிபாரிசும் இல்லாமல் பூக்கடை போட்டேன். பாறைதான் இருக்கிறது, தண்ணீர் வராது என்று ஊரே கைவிரித்த இடத்தில் கிணறு வெட்டினேன், இன்றும் வற்றவில்லை. பூ ஏற்றும் வேனை முப்பது வருஷம் நானே ஓட்டி, இரண்டு மாடி வீடு கட்டினேன். அஞ்சாம் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மகனை இன்ஜினீயர் ஆக்கினேன். இதையெல்லாம் யாரும் மறுப்பதில்லை. வாசலில் நிற்கும் காரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் நாக்கு புரண்டு போகிறது.

எங்கள் பழைய கார் தரையோடு தரையாகக் கிடக்கும். என் மனைவிக்கோ இரண்டு கால்முட்டும் தேய்ந்துவிட்டது. ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் அவளால் காரை விட்டு எழும்பவே முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். வீடியோ எடுப்பவன் அதையும் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "இனி நான் எங்கயும் வரல்ல. என்னைய விளிக்காதீங்க." ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கும்பிடப் போகும் நிழல்தாங்கலுக்குக்கூடப் போவதை நிறுத்திவிட்டாள்.

வளைகுடாவில் இருக்கும் மகன் போனிலேயே ஒரு வண்டியைப் பார்த்து முடிவு செய்தான். மலை ஏறுகிற ஜீப் மாதிரி ஒன்று. "உயரமான வண்டிதான் அம்மைக்கு நல்லதுப்பா, போய்ப் பாருங்க" என்றான். போனோம். அவள் ஒரு காலைத் தூக்கினாள், பாதியில் நின்றாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள்.

"சைடுல படி மாட்டிக்கலாம்" என்றான் மகன் போனில்.

"ஏலே, அம்மை காருலயா ஏறுகா, மச்சிலயா ஏறுகா?" என்று கேட்டுப் போனை வைத்தேன்.

அன்றைக்குத்தான் யோசித்தேன். எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு மரநாற்காலி இருக்கிறது. அதிலிருந்து மட்டும் அவள் எதையும் பிடிக்காமல் எழும்புவாள். மாலை கட்டும் வாழைநார் ஒன்றை எடுத்து, தரையிலிருந்து நாற்காலிப் பலகை வரை பிடித்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டேன். நாரைப் பையில் வைத்துக்கொண்டு நாகர்கோவிலில் கார் விற்கும் இடமெல்லாம் ஏறி இறங்கினேன்.

ஒரு கடையில் டை கட்டிய பையன் சிரித்தான். "பாட்டா, கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவுன்னு இந்தப் புக்குலயே இருக்கு."

"மக்கா, அது வண்டிக்க வயித்துக்கும் ரோட்டுக்கும் உள்ள எடவெளி. எனக்க பொண்டாட்டி வண்டிக்க வயித்துலயா இருக்கப்போறா? சீட்டு எவ்வளவு உயரம்? அத சொல்லு."

அவனுக்குத் தெரியவில்லை. படித்தவன்!

கியர் போடாத வண்டிதான் வேண்டும் என்பதையும் நானே முடிவு செய்தேன். வடசேரி நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்து என் இடது கால் வீங்கிவிடுகிறது. டீக்கடையில் சேக்காளி ஒருவன், "வேய், கியர் இல்லாத வண்டிய பொம்பளையளுக்க ஸ்கூட்டர் மாதிரி ஓட்டப்போறீரா?" என்று கேலி செய்தான். "ஓம், ஓட்டுவேன். ஒமக்கு எடம் கெடையாது வேய்" என்றேன்.

ஐந்தாவது கடையில் முடிச்சு சீட்டோடு சரியாக நின்றது. மனைவியைக் கூட்டிப்போனேன். திரும்பி நின்று அப்படியே உட்கார்ந்தாள், இரண்டு காலையும் உள்ளே எடுத்தாள். கதவைக்கூடப் பிடிக்கவில்லை. "நம்ம அடுக்களை நாக்காலியில்லா இது!" என்றாள். அவள் சிரித்து எத்தனை மாசம் ஆகியிருந்தது!

மகன் தேர்ந்தெடுத்தது வெள்ளை நிறத்தை மட்டும்தான். ஆனால் வண்டி வந்த அன்றே வாட்ஸப்பில் போட்டுவிட்டான்: 'அம்மாவுக்காக நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கார்.' அடுத்த ஞாயிறு நிழல்தாங்கலில் அத்தனை பேரும் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். "மவன் தூரத்துல இருந்தாலும் தாய்க்க முட்டுவலிய அறிஞ்சு எடுத்திருக்கான் பாத்தியா!" என்றாள் ஒருத்தி. என் மனைவி என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஓம், அவன் நல்ல கவனமா பாத்துதான் எடுத்தான்" என்றாள். நான் பக்கத்தில், சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

திரும்பி வரும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "பிள்ளை தூரத்துல கெடக்கான், சந்தோசப்படட்டும். ஒங்களுக்கு இதுல என்ன கொறஞ்சுபோச்சு?" என்றாள்.

குறைந்துதான் போனது. அவளுடைய முட்டுக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று இந்த உலகத்தில் அளந்து பார்த்தவன் நான் ஒருவன். மகன் போனைப் பார்த்தான். நான் அவள் எழும்புவதைப் பார்த்தேன். அந்த வாழைநாரை இப்போது காரின் கண்ணாடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிற ஞாயிறு, நிழல்தாங்கல் வாசலில், அதே ஆட்களிடம் அவள் தன் வாயால் சொல்ல வேண்டும்: "இத அளந்து எடுத்தது எனக்க வீட்டுக்காரரு." மகனும் வாட்ஸப்பில் திருத்திப் போட வேண்டும். நிறம் அவன் சொன்னது என்று வேண்டுமானால் கீழே எழுதிக்கொள்ளட்டும்.