பத்து நிமிடம் அசையாதவை

என் முனைவர் பட்டத்துக்குள் செத்த சிலந்திகள் கிடக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்தவள், எட்டாவதோடு படிப்பை விட்ட என் அக்கா.

மைசூர் விஜயநகரின் கடைசி லேஅவுட்டுகளில், வீடு கட்டாத மனைகளின் முள்வேலிகளில் கூட்டமாக வாழும் சிலந்திகள் உண்டு. அழுக்குப் பஞ்சை அடைத்தது மாதிரி ஒரு கூடு. உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும். சேர்ந்து வலை பின்னி, சேர்ந்து இரை பிடித்து, சேர்ந்தே தின்னும். கடைசியில் குஞ்சுகளுக்குத் தங்களையே தின்னக் கொடுக்கும், பெற்றவையும் சரி, பெறாதவையும் சரி.

இது ஏன் என்பதில்தான் சண்டை. இயற்கை கூட்டுக்கும் கூட்டுக்கும் போட்டி வைத்து, நல்ல கூட்டைத் தேர்ந்தெடுக்கிறது என்பது ஒரு கட்சி. கூடாவது மண்ணாவது, ஒவ்வொரு சிலந்தியும் தன் லாபத்துக்கும் தன் ரத்த சொந்தத்தின் லாபத்துக்கும்தான் உழைக்கிறது என்பது மறு கட்சி. என் கைடு முதல் கட்சி. மேல்கோட்டை ஐயங்கார். மற்றவர்களிடம் கன்னடமும் இங்கிலீஷும் பேசுவார், என்னிடம் மட்டும் தமிழ். ரிட்டயர் ஆவதற்குள் மறு கட்சியின் வாயை அடைத்துவிட வேண்டும் என்று இருந்தார். அதற்கு என் தீசிஸைத்தான் நம்பியிருந்தார்.

சிலந்தியின் முதுகில் அடையாளப் பொட்டு வைத்து டப்பாவில் விட வேண்டும். குழந்தைகளுக்கு மூக்கு உறிஞ்சும் ரப்பர் குமிழால் ஒரு தடவை காற்றடித்தால் காலை மடக்கிச் சுருண்டுகொள்ளும். மறுபடி நகர எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பேன். சீக்கிரம் எழுந்தால் துணிச்சல்காரி, நேரமானால் சாது. பத்து நிமிடத்துக்கு மேல் காத்திருப்பதில்லை. அறுநூறு என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். சாயங்காலம் எல்லாவற்றையும் கூட்டிலேயே கொட்டிவிடுவோம். சாதுக்கள் மிகுந்த கூடு அழியும், இரண்டும் கலந்த கூடு நிலைக்கும் என்று காட்டிவிட்டால் கைடின் கட்சிக்குப் பெரிய பலம்.

பொட்டு வைப்பது அக்கா. எங்கள் ஊர் கௌதள்ளியில் வெள்ளாமை பொய்த்த வருடம் மைசூருக்கு கார்மென்ட்ஸ் வேலைக்கு வந்தவள். இருவரும் ஒரே அறையில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வேலிக்கு வருவாள். காலர் தைத்துப் பழகிய கை, சிலந்திக்கு நோகாது. ஆய்வகத்தில் கொடுத்த பெயிண்ட் தீர்ந்தபோது ஃபேன்ஸி ஸ்டோரில் மலிவு நகப்பூச்சு வாங்கி வந்தது நான்.

ஒருநாள் அந்தச் சண்டையை அவளுக்கு விளக்கினேன். "கூட்டுக்கு நல்லதுன்னு ஒருத்தி தன்னையே குடுக்கறாளா, இல்ல அதுல அவளுக்கும் ஏதாச்சும் கெடைக்குதா? அதான் அக்கா கேள்வி."

அவள் தலை நிமிராமல், "அவளக் கேட்டாங்களாமா?" என்றாள்.

நான் சிரித்தேன். என் படிப்பு முடியட்டும் என்று அவளுக்கு வந்த இரண்டு வரன்களை அப்பா தட்டிக்கழித்தது அப்போது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

சாது மிகுந்தவை என்று நான் எழுதிவைத்த மூன்று கூடுகளும் மாதத்துக்குள் பாழாயின. கைடு பூரித்துப்போய்க் கட்டுரை எழுதி அனுப்பினார். அது அச்சேறிய பிறகு ஒரு ஞாயிறு காலை, புதிய கூட்டின் சிலந்தி ஒன்றுக்கு அறுநூறு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஏ புள்ள, என்னத்த எழுதற? இது செத்துப் போச்சு."

"சும்மா சுருண்டிருக்கு அக்கா."

தூரிகை முனையால் அதைப் புரட்டிப் போட்டாள். "சுருண்டதுக்கும் செத்ததுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு? காலப் பாரு, வெறச்சுக் கெடக்குது." நகப்பூச்சு பாட்டிலை முகர்ந்து முகம் சுளித்தாள். "இந்த நாத்தத்துலயே செத்திருக்கும்."

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். அறுநூறு, அறுநூறு, அறுநூறு. அந்த மூன்று கூடுகளுமே நகப்பூச்சு வாங்கிய பிறகு அளந்தவை. சாதுக்களால் எந்தக் கூடும் அழியவில்லை. நான் கொன்றேன், பிணங்களைச் சாது என்று எழுதினேன், கூடு காலியானதும் இயற்கை தேர்ந்தெடுத்தது என்று சொன்னேன்.

"செத்ததையெல்லாம் நோட்டுலருந்து எடுத்துப்போடு புள்ள," என்றாள் அக்கா, துணியில் கறை பட்டதைச் சொல்வது போலச் சாதாரணமாக.

மறுநாள் கைடிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எது செத்தது எது சாதுன்னு இப்போ யாரால பிரிக்க முடியும்? பேப்பரை வாபஸ் வாங்கணும். உன் நாலு வருஷம் போயிடும். இங்க இன்னும் மூணு பேர் இருக்கா, அவாளும் இதை வெச்சுத்தான் எழுதறா. எல்லாருக்கும் எது நல்லதோ அதைப் பண்ணும்மா."

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். நான் மிரளவில்லை. பட்டம் வேண்டியிருந்தது, பயமாகவும் இருந்தது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்து நோட்டைப் பீரோவில் வைத்தேன்.

வைவாவுக்கு அக்கா அரைநாள் லீவு போட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மறு கட்சிக்காரர். அந்த மூன்று கூடுகள் மட்டும் ஏன் அவ்வளவு வேகமாக அழிந்தன என்று துருவித் துருவிக் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். பட்டம் உறுதியானதும் கைடு எழுந்து, இந்தப் பெண் வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்லை, இப்படிப்பட்டவர்களால்தான் ஆய்வகம் நிற்கிறது என்று கன்னடத்தில் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விட நெடுநேரம் தட்டியவள் அக்கா.

வராந்தாவில் ஆளுக்கொரு சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தச் செத்ததையெல்லாம் எடுத்துட்டயில்ல?"

"எடுத்துட்டேன் அக்கா."

"அதான பாத்தேன்," என்று சொல்லி, தன் சமோசாவையும் எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் இரண்டையும் தின்றேன்.