ரெஜினின் பாதையில் ஒரு கதவு

பிரான்சில் சேன்-மெர்லான் என்ற ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ரெஜினிடம், "லீவு நாள்ல என்னதான் பண்ணுவ?" என்று யாராவது கேட்டால், "அம்பு ஒட்டுவேன்" என்பாள். கிண்டல் இல்லை, நிஜம்தான். வாரம் முழுக்கப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, சனிக்கிழமையானால் சவாரிக்கு வழி காட்டும் மஞ்சள் அட்டை அம்புகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கார்தாம்ப் ஆற்றுப் பள்ளத்தாக்கில் எந்தச் சரளைப் பாதை எங்கே போய் முட்டும், எந்த ஓடையில் மழைக்குப் பிறகு இறங்கக் கூடாது, எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமலே வந்து காலைக் கவ்வும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கல்யாணம் ஒன்று நடந்தது, அது நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் பேச வேண்டாம்.

மே மாதக் கடைசி ஞாயிறு எங்கள் சைக்கிள் சங்கத்தின் சரளைப் பாதைச் சவாரி. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். நடுவழியில் மேசை போட்டு ஹேசல்நட் கேக்கும் பன்றிக்கறியும் சிவப்பு ஒயினும் வைத்திருப்போம். சைக்கிள் ஓட்ட வந்தார்களா, தின்ன வந்தார்களா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு வெட்டுவார்கள். ரெஜின் எதையும் தொடமாட்டாள். கடைசி ஆளாக வந்து, ஒட்டிய அம்பையெல்லாம் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு போவாள். அதில்தான் அவளுக்கு வருஷத்துச் சந்தோஷம் முழுவதும்.

அந்தப் பாதைக்கு உயிர், கிழவர் மார்சியாலின் மேய்ச்சல் நிலத்துக்குள் ஆற்றை ஒட்டிப் போகும் துண்டு. அது அவருடைய சொந்த நிலம். ஒவ்வொரு வசந்தத்திலும் ரெஜின் அவர் வீட்டுக்குப் போவாள், அவர் மனைவி ஆர்லெத் காப்பி ஊற்றுவாள், மார்சியால் "போங்க, போங்க, யாரு வேணாம்னா" என்பார். அவ்வளவுதான் ஒப்பந்தம். அந்தத் துண்டு கிடைக்காவிட்டால் மரம் ஏற்றிய லாரிகள் பறக்கும் மேட்டுச் சாலையில் ஏற வேண்டும். ஒருமுறை அங்கே லாரி உரசிவிட்டுப் போனதில் ரெஜினின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்னொரு உயிரை அந்தச் சாலையில் ஏற்றமாட்டேன் என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள். ஆக, மார்சியால் நிலம் இல்லையென்றால் சவாரியே இல்லை.

இந்த வருஷம் வில்லங்கம் ஒரு கதவால் வந்தது.

மேல் நிலத்துக்கும் ஆற்றங்கரைக்கும் நடுவே ஓர் இரும்புக் கதவு உண்டு. எங்கள் பக்கத்தில் நடக்கப் பழகும் குழந்தைக்கே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: கடந்து போனால் கதவை மூடு. ஆனால் இந்தக் கதவு மட்டும் வெயில் காலத்தில் திறந்தே கிடக்க வேண்டும். மாடுகள் அதன் வழியாகத்தான் ஆற்றுக்கு இறங்கித் தண்ணீர் குடிக்கும். "தொடாதீர்கள்" என்று ரெஜினே அதில் ஒரு அட்டை கட்டியிருந்தாள். அப்படியும் யாரோ மூடிவிட்டார்கள். கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்க மாடுகள் தொண்டை வற்றக் கத்தியிருக்கின்றன. ஒரு கிடாரி விழுந்தே விட்டது, பிழைத்தது பெரிய காரியம். மறுநாள் பாதையின் குறுக்கே முள்கம்பி.

ரெஜின் ஓடினாள். மார்சியால் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"உங்க சைக்கிள் கும்பல்தான். வேற யாரு அந்தப் பக்கம் வர்றா?"

"எங்க ஆளுங்க அந்தக் கதவத் தொடமாட்டாங்க, மார்சியால். அட்டையே கட்டியிருக்கேன்ல?"

"அட்டையாம் அட்டை! என் கிடாரி அட்டையப் படிச்சுச்சா? போம்மா, போய் வேலையப் பாரு."

உள்ளே வா என்று சொல்லவில்லை, காப்பி என்ற பேச்சே இல்லை. உள்ளே ஆர்லெத்தின் குரல் "யாருங்க?" என்று கேட்டது. அவர் கதவைச் சாத்திவிட்டார். ரெஜினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபித்துக்கொள்ளலாம், அதென்ன ஒரு வாய் காப்பிகூட இல்லாமல் துரத்துவது?

சங்கத் தலைவர் பத்ரிஸ், மெக்கானிக் கடைக்காரர், மேசையைக் குத்தினார். "நம்ம மேல பழியா? மேயர்கிட்ட போறேன். நம்ம ஆளு இல்லன்னு நிரூபிச்சா அந்தக் கிழம் என்ன செய்யும்?"

"முதல்ல எதிர்க்கரையில வழி இருக்கான்னு பாக்குறேன்" என்றாள் ரெஜின்.

மறுநாள் காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு எதிர்க்கரைக்குப் போனாள். வழியாவது ஒன்றாவது, முழங்கால் வரை சேறு. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பும்போது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ புல்லில் இறங்கி வருவது தெரிந்தது. ஆர்லெத். இரவு உடையும் வீட்டுச் செருப்புமாக வந்தாள். நேரே கதவுக்குப் போனாள், இழுத்து மூடினாள், சங்கிலியைப் பொறுமையாக மாட்டினாள். நல்ல காரியம் செய்த திருப்தியில் கம்பத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, வந்த வழியே ஏறிப் போனாள். மேலே வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றுவிட்டாள்.

மார்சியால் தலைதெறிக்க ஓடி வந்தார். அவளைத் திட்டவில்லை. தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தி, கையைப் பிடித்து வரப்பில் உட்கார வைத்தார். பிறகு கீழே வந்து கதவைத் திறந்துவிட்டு நிமிர்ந்தவர், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ரெஜினைப் பார்த்துவிட்டார்.

அன்றைக்குச் சங்கக் கூட்டத்தில் பத்ரிஸ் குதித்துக்கொண்டிருந்தார். ரெஜின் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி போய்விடும், பாதை கிடைத்துவிடும். ஆனால் விடிவதற்குள் ரொட்டிக் கடை வரிசை முழுக்க ஆர்லெத்தின் பேச்சுதான் இருக்கும். அந்த மனிதர் வாசலைச் சாத்திச் சாத்தி மறைத்து வைத்தது எல்லாம் தெருவுக்கு வந்துவிடும்.

"நம்ம ஆளுதான் மூடியிருக்கு. நான் விசாரிச்சுட்டேன்" என்றாள்.

"யாரு? பேரச் சொல்லு!"

"சொல்லமாட்டேன்."

"உனக்குப் பைத்தியமா? அப்ப சவாரி?"

"இந்த வருஷம் இல்ல."

இத்தனை வருஷம் அவள் போட்ட வழியில் ஓட்டியவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார்கள். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ரெஜின் வீட்டுக்குப் போய், அம்பு அட்டைகளைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டுக் கொஞ்சம் அழுதாள்.

ஊரில் ரகசியமா நிற்கும்? மார்சியால் காதுக்கும் போனது. சில நாள் கழித்துப் பேருந்துக் கொட்டகைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற எப்படிச் சொல்லச் சொல்றீங்க?"

அவர் தொப்பியைக் கசக்கினார். "ஆர்லெத் கல்யாணம் ஆகி வந்தப்ப டவுன்காரி, மாடுன்னா பயப்படுவா. கதவ மூடு, கதவ மூடுன்னு நான்தான் கத்திக் கத்திப் பழக்கினேன். இப்ப அவளுக்கு எம்பேரு கூடச் சில நாள் வர்றதில்ல, ரெஜின். கதவு மட்டும் மறக்கமாட்டேங்குது." ரெஜின் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கம்பிய எடுத்துட்டேன். நீ நடத்து" என்றார்.

"அன்னிக்கு மாடெல்லாம் எங்க நிக்கும்?"

"ஆத்தோரமா விட்டு வைக்கிறேன். கதவு மூடியிருக்கணும், இல்லன்னா மேல ஏறி ரோட்டுக்குப் போயிடும்."

"அப்ப ஒவ்வொரு ஆளுக்கும் திறந்து திறந்து மூடணும். கதவுக்குன்னு ஒரு ஆள் வேணுமே, மார்சியால்" என்றாள் ரெஜின்.

அவள் யாரைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்லெத் மஞ்சள் சட்டை மாட்டி, ரப்பர் பூட்ஸ் போட்டு, தலைவாரிக் கதவருகே நின்றாள். எல்லாச் சாலை முனையிலும் எங்கள் ஆட்கள் போடுகிற அதே மஞ்சள் சட்டை. சைக்கிள் வந்ததும் திறந்தாள், போனதும் மூடினாள், சங்கிலியை மாட்டிக் கம்பத்தைத் தட்டினாள். "மெர்சி, மதாம்!" என்று ஒவ்வொருவரும் நன்றி சொல்லிக் கத்திக்கொண்டு போனார்கள். அவள் முகம் பூரித்துப்போயிருந்தது. மார்சியால் கொஞ்சம் தள்ளிப் புல்லில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க் காப்பியை ஆறவிட்டபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்ரிஸ் வந்தார், கதவைத் தாண்டியதும் நின்றார். ஆர்லெத் சங்கிலி மாட்டுவதையும் கம்பத்தைத் தட்டுவதையும், அடுத்த நொடியே "நீங்க போயிட்டீங்களா, இப்பதான் வர்றீங்களா?" என்று அவரையே கேட்பதையும் பார்த்தார். பின்னால் வந்துகொண்டிருந்த ரெஜினிடம், "அன்னிக்கு நீ பேரு சொல்லாத அந்த ஆளு..." என்று ஆரம்பித்தார்.

"ஓட்டு, பத்ரிஸ்."

பத்ரிஸ் ஹெல்மெட்டைக் கழற்றி ஆர்லெத்தைப் பார்த்துத் தலை தாழ்த்திவிட்டு, ஓட்டிக்கொண்டு போனார்.

கடைசி ஆள் ரெஜின். அவள் தாண்டியதும் ஆர்லெத் மூடிவிட்டு, மேட்டைப் பார்த்தாள். பாதையில் யாரும் இல்லை. முகம் வாடத் தொடங்கியது.

"இன்னும் ஆள் இருக்கா?"

ரெஜின் அவளைப் பார்த்தாள். "இருக்காங்க மதாம். ஒருத்தர் பின்னாடி வர்றாங்க."

ஆற்றங்கரையோடு போய், திருப்பத்தில் இறங்கி, சைக்கிளைத் தூக்கி வேலியைத் தாண்டி, வியர்த்து விறுவிறுத்து மேட்டைச் சுற்றி ஏறி, மறுபடி அதே பாதையில் கீழே வந்தாள். ஆர்லெத் கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

"பாத்துப் போங்கம்மா. கதவ நான் மூடிக்கிறேன்."

"மெர்சி, மதாம்" என்றாள் ரெஜின். கொஞ்ச தூரம் போய், இன்னொரு சுற்று வருவதற்காக மறுபடி வேலிப்பக்கம் திரும்பினாள்.