காட்டில் இரண்டு வருடம்

ஐம்பத்தேழில் சுதந்திரம் கிடைத்ததற்கு மறு வருடம், காஜா பேராங்கில் இருந்த ஓர் இளைஞர் சங்கத்தில் நான் டைப் அடிக்கும் வேலை பார்த்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண் நான். சங்கம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு கூடம், முன்னால் கொஞ்சம் புல்தரை, அவ்வளவுதான். சாயங்காலமானால் அந்தப் புல்தரையில் தற்காப்புப் பயிற்சி நடக்கும். கம்யூனிஸ்டுகளோடு நடந்த காட்டுச் சண்டை இன்னும் முழுதாக ஓயாத காலம். நம் பையன்கள் எதற்கும் தயாராக இருக்க வேண்டும் என்று தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவார்.

பயிற்சி கொடுத்தவர்கள் மூன்று பேர். ஜூடோ சொல்லிக்கொடுத்தவர் சிறைக் காவலர். சிலம்பக்காரர் ஒரு காலத்தில் தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்கும் தண்டலாக இருந்தவர். மூன்றாமவர் பலகை அறுக்கும் கம்பெனியில் வேலை செய்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் பல் பாதி கிடையாது. காட்டில் மாட்டிக்கொண்டால் எந்தத் தண்டைத் தின்னலாம், எந்தக் கொடியை வெட்டினால் தண்ணீர் வரும், ஒருவன் கையைப் பிடித்தால் எப்படி உருவிக்கொண்டு போவது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பார். ஒவ்வொரு நாளும் ஒரே பேச்சில்தான் ஆரம்பிப்பார்.

“முதல்ல ஓடக் கத்துக்கங்க. மத்ததெல்லாம் பிறகு.”

பையன்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போய் ரயில் பாதை போட்டு, பிழைத்து வந்தவர் என்று பையன்களுக்குள் பேச்சு. அவரிடம் கேட்டால் ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

அந்தப் பேச்சை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

என் அப்பாவையும் சயாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். அப்போது எனக்கு ஏழு வயது. தோட்டத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனது மட்டும் நினைவில் இருக்கிறது. போனவர் திரும்பவில்லை, செத்தார் என்று சேதியும் வரவில்லை. சண்டை முடிந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலையில் சேர்ந்தார். சயாமிலிருந்து வந்தவர் என்று யாரைக் கேள்விப்பட்டாலும் தேடிப் போய்விடுவார். புக்கிட் காதில் என்கிற ஊர் வரை நடந்தே போய்க் கேட்டுவிட்டு வந்த நாளும் உண்டு. பதினைந்து வருடமாக அதே கேள்வி.

அன்று மழை. குடை கொண்டுவந்த சாக்கில் அம்மா சங்கத்துக்கு வந்துவிட்டார். பயிற்சி நின்றுபோய், அந்த மூன்றாமவர் தாழ்வாரத்தில் தனியாக நின்று சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீங்க சயாம்ல இருந்தீங்களாமே?”

அவர் சுருட்டைக் கீழே போட்டார்.

“என் வீட்டுக்காரரும் போனாரு. ஒல்லியா, உயரமா இருப்பாரு. இடது கை சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும். பேசுறப்ப கொஞ்சம் திக்கும். பார்த்திருக்கீங்களா?”

அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, “பார்த்தேன்க்கா” என்றார்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“காய்ச்சல்க்கா. மூணே நாள். ரொம்ப சிரமப்படல. நான்தான் குழி வெட்டி மண் போட்டேன்.”

“தெற்கே தலை வச்சீங்களா, தம்பி?”

“வச்சேன்க்கா.”

“எந்த மாசம்?”

“ஆடி மாசம்.”

அம்மா அழவில்லை. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த வாரமே தாலியைக் கழற்றினார், வெள்ளைச் சேலை கட்டினார். பண்டாரத்தை வைத்துக் கிளேபாங் கடற்கரையில் கருமாதி செய்தோம். கடலுக்குள் இடுப்பளவு இறங்கி நின்ற அம்மாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பதினைந்து வருடம் பொட்டோடு பார்த்த முகம். இப்போது அதில் யாரோ ஒருத்தி இருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, நிரப்பித் தரச் சொல்லி சர்க்காரிடமிருந்து ஒரு பாரம் வந்தது. புல்தரையைத் தொடர்ந்து பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டுமானால், பயிற்சியாளர் ஒவ்வொருவரின் பின்னணியையும் எழுதித் தர வேண்டுமாம். யார், எங்கே கற்றார், எத்தனை வருட அனுபவம். முதல் இரண்டு பேருடையதைப் பத்து நிமிடத்தில் அடித்து முடித்தேன். மூன்றாமவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அண்ணே, சயாம்ல எந்த முகாம்னு சொல்லுங்க” என்றேன். பாரத்துக்காக மட்டும் கேட்கவில்லை. அப்பாவைப் புதைத்த இடத்தின் பெயர் தெரிந்தால் அம்மாவிடம் சொல்லலாமே என்று நினைத்தேன்.

அவர் கைகளை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சயாமுக்கே போகல, தங்கச்சி.”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். சரக்கு ரயிலில் அவரையும் அவருடைய அண்ணனையும் ஏற்றினார்கள். எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மேட்டில் ரயில் மெதுவாகப் போனது. குதித்துவிடலாம் என்று இவர் கூப்பிட்டார். அண்ணனுக்குத் தைரியம் வரவில்லை. இவர் மட்டும் குதித்தார். சண்டை முடியும் வரை இரண்டு வருடம் காட்டிலேயே கிடந்தார். எதைத் தின்றால் வாந்தி வரும், எதைத் தின்றால் வராது என்பதைத் தின்று தின்றுதான் தெரிந்துகொண்டார். எவரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

“அப்ப எங்கப்பா?”

“நான் பார்த்ததே இல்ல.”

“எங்கம்மா தாலியைக் கழட்டிட்டாங்க, அண்ணே!”

“தெரியும்.”

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“எங்கண்ணனைப் பத்தி நானும் எத்தனையோ பேர்கிட்ட கேட்டுட்டேன். பொய்யாவது யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருக்கும். உங்கம்மா வந்து நின்னப்ப வாயில வந்துருச்சு.” எழுந்து நின்றார். “நீங்க சொல்லச் சொன்னா இப்பவே வந்து உண்மையைச் சொல்றேன்.”

அவரை இருக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அம்மா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “இப்பெல்லாம் நல்லாப் பசிக்குதுடி” என்றார். தப்பு செய்துவிட்டவரைப் போல ஒரு பார்வை. தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் அப்படிச் சாப்பிட்டதில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுச் சங்கத்துக்குத் திரும்பினேன்.

அவர் போயிருந்தார்.

பாரத்தில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். இராணுவத்தில் இருந்தார் என்று அடித்திருந்தால் யாரும் துருவியிருக்க மாட்டார்கள். ஆனால் எனக்குக் கோபம். அம்மாவிடம் சொல்ல முடியாத உண்மையைக் காகிதத்திலாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ‘சயாம் ரயிலிலிருந்து குதித்துத் தப்பியவர், காட்டில் இரண்டு வருடம் தனியாக வாழ்ந்தவர்’ என்று அடித்தேன்.

தலைவர் அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தார். “ஓடிவந்தவன்னு எழுதி அனுப்பச் சொல்றியா? நம்ம பையன்களுக்கு இவன் என்னத்தைக் கத்துக்கொடுக்கிறது?” அந்தப் பாரத்தைக் கிழித்துப்போட்டார். சிலம்பக்காரர் தோட்டத்தில் ஆட்களை அடித்தவர் என்பது காஜா பேராங் முழுக்கத் தெரியும். அவருடைய பாரம் சர்க்காருக்குப் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் புல்தரை ஓரத்தில் தலைவர் மூன்றாமவரிடம் பேசுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். ஜாலான் பெண்டஹாராவில், ஒரு துணிக்கடை வாசலில்.

“அம்மா எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க.”

“சாப்பிடுறாங்களா?”

“சாப்பிடுறாங்க, அண்ணே.”

தலையை ஆட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார். மன்னிப்புக் கேட்க வேண்டியது நானா அவரா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை.

நான்கு வருடம் கழித்து, புக்கிட் பாருவில் ஒரு வாடகை அறையில் அவர் இறந்துபோனார் என்று சொன்னார்கள். நெஞ்சுவலி. நான் போனேன். பலகைக் கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், உறவென்று ஒருவரும் இல்லை. கங்காணி ஒருவர் கையில் காகிதத்தோடு நின்று, எந்தத் தோட்டம், கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார். யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் வந்ததும், “ஒரு அண்ணன் இருந்தாரு” என்றேன்.

“பேரு?”

நான் கேட்டதில்லை.