கோயிலில் வாசித்த முகாம் கடிதம்

எழுபதுகளில், மலேசியக் காட்டுக்குள் பட்டாளம் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த காலம். ஈப்போவிலிருந்து வடக்கே ஒரு முகாமுக்கு நான் ரேஷன் லாரி ஓட்டினேன். லாரி என் முதலாளி, ஒரு சீனத் தவுக்கேயுடையது. அதன் பிரேக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும். முகாம் டாக்டர் எங்கள் செமோர் ரப்பர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியின் மகன். அம்மாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். எனக்குப் படிக்கத் தெரியாது; கொண்டுவந்து கொடுத்தேன்.

கிராணி வீட்டுக் கடிதத்தை ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலிலேயே உபதேசியார் வாசிப்பார். நற்செய்திக்கு நிற்பதுபோல எல்லாரும் எழுந்து நிற்போம். நானும் நின்றேன், வெட்கக்கேடு.

"அம்மா, நான் படுப்பதே இல்லை. காய்ச்சல்காரர்களின் தலைமாட்டிலேயே இருக்கிறேன். அவர்கள் தின்னும் சோறுதான் எனக்கும். இங்கே எல்லாரும் சுகம்."

பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அந்த டாக்டருக்குப் பீர் டின்னும் பழ டின்னும் சுமந்தவன் நான். கொசுவலை போட்ட கட்டில் அவருக்கு. நோயாளிகளுக்குச் சேற்றில் விரித்த தார்ப்பாய். எட்டடி தள்ளி நின்று நோயாளியைப் பிரம்பால் காட்டுவார். எல்லா நோய்க்கும் ஒரே வெள்ளை மாத்திரை.

வாசலில், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒரு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மகனும் அதே முகாமில் சிப்பாய்.

"அண்ணே, எல்லாரும் சுகம்னு எழுதியிருக்காரு. எம் மவனுந்தானே?"

கிராணி முந்திக்கொண்டார். "டாக்டரே எழுதிட்டாரு, அப்புறம் லாரிக்காரன்கிட்ட என்னலா சாட்சி?"

சிரித்தார்கள்.

"ஒம் மவன் எட்டு நாளா காய்ச்சல்ல கெடக்கான் தங்கச்சி. என்னையே யாருன்னு கேட்டான். நடிக்கிறான்னு சொல்றாரு டாக்டரு."

"கோயில் வாசல்ல நின்னு பொய் பேசாத."

"பொய்ய வாசிச்சது நான் இல்ல கிராணி."

அந்த அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கி நானும் வாரேண்ணே," என்றார்.

மறுநாள் முகாம் கேட்டில் உட்கார்ந்த அந்த அம்மா, மகனைக் காட்டாமல் எழுந்திருக்கமாட்டேன் என்றார். கடைசியில் ஒரு மலாய் சார்ஜன், டாக்டரைக் கேட்காமலே, பையனைத் தூக்கிவந்து என் லாரியில் படுக்கவைத்தார். நேராக ஈப்போ ஆஸ்பத்திரி. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்கமாட்டான் என்றார்கள். பிழைத்தான்.

அடுத்த நடைக்குப் போனபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டார். பையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எங்கம்மா லெட்டரக் கேட்டு அழுதாங்களா?"

"கோயிலே அழுதுச்சிங்கய்யா."

முகம் மலர்ந்துவிட்டது. காறித் துப்பியிருப்பேன், அவர் பூட்ஸில் பட்டிருக்கும். அதைத் துடைக்கிறவன் ஏதோ ஒரு சிப்பாய்; விழுங்கிக்கொண்டேன்.