பூட்ஸும் கரிமணலும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், குளச்சல் துறைமுகத்துக்குக் கரிமணல் ஏற்ற வந்த வெள்ளைக்காரக் கப்பல்காரர்களோடு மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் உள்ளூர்ப் பையன்கள் எங்களுக்குப் பந்தாட்டம். வெறுங்காலோடு ஆடுவது ஆபத்து, உங்களைச் சேர்க்க முடியாது என்றார் அவர்களுடைய ரெஃபரி.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "எங்கள் கால் யார் எலும்பையும் ஒடிக்காது. ஆபத்து உங்கள் பூட்ஸில்தான். அதைக் கழற்றுங்கள்" என்று மிஷன் பள்ளிக்கூட இங்கிலீஷில் சொன்னேன்.

அவர்களுடைய கேப்டன் உட்கார்ந்து பூட்ஸை அவிழ்த்தார். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். உச்சிவெயிலில் கரிமணல் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. எங்களுக்குப் பழக்கம். அவர்கள் கால் மாற்றிக் கால் துள்ளினார்கள்.

"மக்கா, இப்பமே தொடங்குலே. ஜெயிச்சிரலாம்" என்றான் எங்கள் கோல்கீப்பர் சூசை.

கேப்டனின் பாதம் சிவந்திருந்தது.

"வேண்டாம்லே. வெயில் தாழட்டும்" என்றேன்.

சாயங்காலம் ஆடினோம், தோற்றோம். சூசை பல நாள் என்னோடு பேசவில்லை. மறுபடி ஆடச் சொன்னாலும், வெயில் தாழட்டும் என்றுதான் சொல்வேன்.