ரேணுகா மேடத்தின் ‘ஆங்’

பஸ் கே.ஜி.கண்டிகையைத் தாண்டும்போது கைப்பேசியில் செய்தி வந்தது. எங்கள் கல்லூரியின் வணிகவியல் ஆசிரியை ரேணுகா மாரடைப்பில் காலமானார். திடுக்கிட்டேன். அடுத்த நொடியே, ‘இனி அந்த ஆன்லைன் வகுப்பு எனக்குத்தான்’ என்று தோன்றியது. உங்களிடம் மறைத்து என்ன பயன்? எனக்கு அவர்மேல் பொறாமை.

நான் கணினித் துறைக்காரன். தரவுப் பகுப்பாய்வு கற்றுத்தரும் இணையவழிப் படிப்பை இங்கே கொண்டுவந்ததே நான்தான். என் வகுப்பில் வீடியோ தடையில்லாமல் ஓடும். முடிந்ததும் “புரிந்ததா?” என்பேன். “ஆங் சார்” என்பார்கள். தேர்வில் பாதிப் பேர் தேறவில்லை. அடுத்த ஆண்டு கல்லூரி முதல்வர் வகுப்பை ரேணுகாவிடம் கொடுத்துவிட்டார். சொந்த பாஸ்வேர்டே நினைவில் நிற்காத ரேணுகாவிடம்! கேலி செய்தேன். “பாஸ்வேர்டு மறந்தா என்னா சார், பசங்க பேரு மறக்கலியே” என்று சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் கேபிள் தேடுவதுபோல் அவர் வகுப்பில் போய் நின்றேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வீடியோவை நிறுத்தி, “புரிஞ்சிச்சா?” என்றார். “ஆங் மிஸ்!” உடனே பின்னால் ஓட்டி மறுபடி போட்டார்.

“புரிந்தது என்றுதானே சொன்னார்கள்?” என்று கேட்டேன்.

“நம்ம பசங்க ஆங்னா, ஆளை உடுன்னு அர்த்தம் சார். ‘ஆங்... ஆனா மிஸ்’னு இழுத்தாதான் உள்ள போயிருக்குது. நானும் அவங்களோட கத்துகினுதான் இருக்கேன்.”

பொதட்டூர்பேட்டை நெசவாளியின் மகள் ஒருத்தி எழுந்தாள். “ஆங்... ஆனா மிஸ், இது எங்க நைனாவோட லுங்கி ஆர்டருக்கும் ஒத்துவருமா?”

ரேணுகாவுக்குப் பதில் தெரியவில்லை. கொஞ்சமும் கூசாமல், “சார் நிக்கிறாரு, கேளு” என்றார். விளக்கியது நான். அவள் நன்றி சொன்னது ரேணுகாவுக்கு. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு மறுநாள் வகுப்பு என் கைக்கு வந்தது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. இரண்டு நிமிடத்தில் வீடியோவை நிறுத்தினேன். “புரிஞ்சிச்சா?” “ஆங் சார்.” பின்னால் ஓட்டினேன். மூன்றாம் முறை, அதே பெண் கையைத் தூக்கினாள்.

“ஆங்... ஆனா மிஸ்...”

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. ரேணுகாவிடமிருந்து அந்த ‘ஆனா’வை எடுத்து வைத்துக்கொண்டேன். ‘மிஸ்’ மட்டும் இன்னும் அவரிடமே இருக்கிறது.