ஜோடி இல்லாத சீட்டுக்கட்டு

சென்னையில் ஓவியம் படித்த காலத்தில், நூலகத்துப் பத்திரிகை ஒன்றில் டாரட் சீட்டுகளின் படங்களைப் பார்த்தேன். குறி பார்க்கும் சீட்டுகள். நம் கிளி ஜோசியக்காரர் வைத்திருக்கும் கட்டுக்கு ஐரோப்பாவில் ஒன்றுவிட்ட உறவு. அதே அரசன், அதே சந்நியாசி, அதே நிலா. ஆனால் ஒரு காலத்தார் தங்கம் பூசி வரைந்திருந்தார்கள். அடுத்தவர்கள் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்களோ எல்லோரையும் கொடி மாதிரி கூந்தல் நெளியும் பெண்களாக்கிவிட்டார்கள். அது மனதில் தங்கிவிட்டது.

ஐம்பதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய டீச்சராக இருந்தேன். முப்பது தாண்டியும் கல்யாணமாகாதவள் என்பதுதான் ஊருக்கு என்னைப் பற்றித் தெரிந்த ஒரே சேதி. வாடகை அறை, ஒரு ஸ்டவ், ஒரு ஜன்னல். மாலையில் பேச ஆள் கிடையாது. அதனால் எனக்கென்று ஒரு கட்டு வரைந்தேன். சித்தன்னவாசல் குகையில் பார்த்துப் பழகிய பச்சையிலும் காவியிலும் சில சீட்டுகள், தஞ்சாவூர்ப் பாணியில் சில, வங்காள ஓவியர்களைப் போல் நீரில் கரைந்த வண்ணத்தில் சில. முகத்தைக் கோணம் கோணமாக உடைத்துப்போடும் புது மேல்நாட்டுப் பாணியையும் விட்டுவைக்கவில்லை. முடித்தபோது அப்படி ஒரு சந்தோஷம். காட்ட ஒருவரும் இல்லை என்பது அடுத்த நிமிஷமே உறைத்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் வந்தார். அரிமளத்தில் ஒரு வாத்தியார், மனைவியை இழந்தவர், என்னைக் கேட்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், முடிவைச் சொல் என்றார். அந்த மனிதரை ஒரு கல்யாணப் பந்தியில் பார்த்திருக்கிறேன். கடைசி ஆள் சாப்பிட்டு எழும்வரை சாம்பார் வாளியைக் கீழே வைக்காதவர். வேண்டும் என்றும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் என் கட்டை எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு அருகே மரத்தடியில் உட்காரும் கிளி ஜோசியக்காரரிடம் போனேன். கிளி வெளியே வந்தது, பெயின்ட் வாசனையை முகர்ந்தது, விறுவிறுவென்று கூண்டுக்குள் போய்விட்டது. என் ஓவியத்தைப் பார்த்த முதல் ரசிகர் அதுதான். பழகட்டும் என்று சீட்டுகளை நெல்லோடு கூண்டருகே வைத்துக்கொண்டார் அவர். அடுத்த முறை போனபோது கிளி சித்தன்னவாசல் அரசனை இழுத்துப் போட்டது. அவர் சீட்டைப் பார்த்தார், பிறகு கட்டு முழுவதையும் புரட்டினார்.

"என்னங்க டீச்சரம்மா, அம்புட்டுப் பேரும் தனியா நிக்கிறாங்க. கல்யாணத்துக்குப் பாக்கணும்னா ஜோடிப் படம் வேணும்ல. அது இல்லாம நான் என்னத்தச் சொல்ல?"

அவருக்கு அது தொழில் சங்கடம். எனக்குச் சுருக்கென்றது. குகைத் தூணில் அந்த அரசனுக்குப் பின்னால் அரசி நிற்கிறாள். நான் அவளை விட்டிருந்தேன். பத்திரிகையில் பார்த்த சீட்டுகளில் காதலர் சீட்டு ஒன்று இருந்தது, அதையும் விட்டிருந்தேன். விட்டது எனக்கே தெரிந்திருக்கவில்லை.

சனிக்கிழமை உட்கார்ந்து இரண்டு பேரையும் வரைந்தேன். எப்படி நிறுத்தினாலும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது. அதில் தாமரை வைத்துப் பார்த்தேன், வேலி போட்ட மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன். கடைசியில் அந்த இடம் வெறுமையாகவே நின்றது. அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். மறுநாள் அண்ணனிடம் வேண்டாம் என்றேன். அவர் திட்டவில்லை, காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். அவர் போன பிறகு வெகுநேரம் அழுதேன். தனிமை எனக்குப் பிடித்தா இருந்தது? பழகியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சீட்டை அறையில் வைத்திருக்க முடியவில்லை. ஜோசியக்காரரிடமே கொடுத்தேன். ராமர் சீதை என்று சொல்லிக்கொள்கிறேன் என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

சில மாதம் கழித்து அங்கே பஸ்ஸுக்கு நின்றேன். புதுத் தாலி மஞ்சள் மாறாத ஒரு பெண்ணும் அவள் புருஷனும் ஜோசியக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கிளி என் சீட்டை எடுத்தது. அவர் அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

"பாத்தியாம்மா, நடுவுல எடம் விட்டிருக்கு. ஒனக்குப் பொறக்கப்போற புள்ளைக்கு."

அந்தப் பெண் தலையைக் குனிந்து சிரித்தாள். என் பஸ் வந்து நின்றது, போயும் விட்டது. அவர் பலன் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை நான் அங்கேயே நின்று கேட்டேன்.